கொட்டிலுக்குள் மூன்று வாற் வெளிச்சம்

ஜனவரி தொடக்கத்தில், கனடாவின் ஒன்ராறியோவில் ஐஸாக உறைந்து கிடக்கும் சிம்கோ ஏரியில் மாலை 4.50 மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். பெர்ச் மீன் பகலோடு கடிப்பதை நிறுத்திவிடும். பகல்காரர்கள் ஐஸில் துளை போடும் ஓகரையும் வாளியையும் ஸ்லெட்டில் ஏற்றிக்கொண்டு கரைக்குத் திரும்புவார்கள். மச்சானும் நானும் அப்போதுதான் போவோம். எங்களுக்கு வேண்டியது பேர்பட். இங்கே மீன் பிடிக்கிறவர்கள் அதை லிங் என்பார்கள். விலாங்கு போல நீண்ட உடம்பு, நாடியில் ஒற்றை மீசை, கொட் மீனின் நன்னீர்ச் சொந்தக்காரன். இருட்டினால்தான் இரை தேடி வெளிக்கிடும். சொதிக்கு அதைப்போல் ஒரு மீன் இந்த நாட்டில் இல்லை என்பது என் எண்ணம்.

ஆகவே ஐஸின் மேல் நிற்கும் எங்கள் மீன்பிடிக் கொட்டிலுக்கு இரவு பதினொரு மணி வரை வெளிச்சம் வேண்டும். ஆறடிக்கு எட்டடி, பிளைவூட் சுவர், தரையில் தூண்டில் விட இரண்டு துளை, ஒரு மூலையில் சின்னப் புரொப்பேன் ஹீற்றர். கரண்ட் கம்பி இல்லாத இடத்தில் ஆறு மணி நேர வெளிச்சத்துக்கு வழி கண்டுபிடிக்க எனக்கு மூன்று குளிர்காலமும் இரண்டு பற்றரியும் செலவாயின. நீங்கள் அந்தச் செலவைச் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வருடம் நான் செய்தது இதுதான். காரில் இருந்து கழற்றிய பழைய ஈய அமில பற்றரி ஒன்று கராஜில் கிடந்தது. அதோடு பிரேக் லைற்றுக்குப் போடும் இரண்டு குண்டு பல்ப். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 27 வாற் குடிக்கும், இரண்டும் சேர்ந்து 54. ஸ்லெட்டில் பற்றரியை இழுத்துப் போகும்போதே இடுப்பு முறிந்தது. ஒன்பது மணிக்கு பல்ப் இரண்டும் தணல் போலச் சிவந்து அணைந்தன. “மச்சான், இதை நம்பியா விடியமட்டும் இருப்பம் எண்டு சொன்னனீ?” என்று அவன் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. அதைவிட மோசமானது அடுத்த சனிக்கிழமை. பாரம் என்று பற்றரியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். போய்ப் பார்த்தால் பெட்டி வீங்கி வெடித்திருந்தது. நன்றாகச் சார்ஜ் ஏறிய பற்றரியின் அமிலம் மைனஸ் 50 பாகையிலும் உறையாது. முற்றாக இறங்கிப்போன பற்றரிக்குள் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். மைனஸ் 7, 8 பாகையிலேயே அது ஐஸ் ஆகிவிடும்.

அதனால் வெளிச்சத்தைக் கூட்டுவதற்கு முன் செலவைக் குறையுங்கள். பன்னிரண்டு வோல்ற் எல்.ஈ.டி. பட்டி வாங்கும்போது மீற்றருக்கு எத்தனை வாற் என்று உறையில் பாருங்கள். மீற்றருக்கு 4.8 வாற் போட்டிருக்கும் பட்டி எங்கள் வேலைக்குத் தாராளம். 14.4 வாற் பட்டியும் பக்கத்திலேயே தொங்கும், அதை விட்டுவிடுங்கள். வெளிச்சத்தின் நிறம் 2700 அல்லது 3000 கெல்வின், அதாவது மஞ்சள் கலந்த வெள்ளை. நீலவெள்ளை வெளிச்சத்தில் ஐந்து மணி நேரம் இருந்தால் ஆஸ்பத்திரி வராந்தாவில் முறை பார்த்துக் காத்திருப்பது போல இருக்கும். எல்.ஈ.டி.யில் ஒரு நன்மை, குளிரில் அது சோர்வதில்லை, சூட்டில் எரிவதை விடக் கொஞ்சம் கூடுதலாகவே ஒளிரும். சோர்ந்து போவது பற்றரி மட்டும்தான்.

நாங்கள் ஒரு மீற்றர் வீதம் இரண்டு துண்டு போட்டிருக்கிறோம். முழு வெளிச்சத்தில் 9.6 வாற். ஒரு டிம்மர் வைத்து மூன்றிலொன்றாக இறக்கினால் மூன்று வாற்றுக்குச் சற்று மேல். இரவு முழுக்க அதிலேதான் இருப்போம். தூண்டில் சிக்கினால், மீனின் வாயில் இருந்து கொக்கியைக் கழற்ற வேண்டியிருந்தால் மட்டும் முழுதாகத் திருகுவோம். கணக்குப் போட்டால் ஆறு மணி நேரத்துக்கு 20 வாற்-மணி, முழு வெளிச்சத்தையும் சேர்த்து 25. முதல் வருடத்து பல்ப் இரண்டும் அதே ஆறு மணி நேரத்துக்கு 324 கேட்டிருக்கும்.

மூன்று வாற் எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். கொட்டிலின் உட்சுவருக்கு வெள்ளைப் பூச்சு அடித்தோம், அதுதான் பாதிக் காரணம். மிச்சப் பாதி, பட்டியை எங்கே பொருத்துகிறோம் என்பது. எல்லோரும் செய்வதுபோல் கூரை நடுவில் ஒட்டினால் வெளிச்சம் கண்ணில் குத்தும், துளை மேல் உங்கள் தலை நிழல் விழும். நாங்கள் இருக்கும் பலகையின் முன்விளிம்புக்கு அடியில், முழங்காலுக்குக் கீழே பொருத்தியிருக்கிறோம். துளையைச் சுற்றியுள்ள ஐஸும் கைகளும் தெரிகின்றன, கண்ணுக்கு விளக்கு தெரிவதில்லை. ஒன்று கவனம்: ஒன்ராறியோவில் தூண்டில்காரர் மீனைக் கவர்வதற்கு வெளிச்சம் போடக்கூடாது, தூண்டில் நூலில் லூரோடு (செயற்கை இரையோடு) சேர்ந்த விளக்குக்கு மட்டும் விலக்கு உண்டு. பட்டியைத் துளைக்குள் நேராகப் பாய்ச்சாமல் பக்கவாட்டில் விழும்படி திருப்பி வையுங்கள்.

பட்டியின் பின்னால் இருக்கும் பசை மைனஸ் 15இல் பசையே இல்லை. இரண்டாம் வாரம் பட்டி பாம்பு போலத் தொங்கி துளைக்குள் வால் விட்டிருந்தது. வீட்டுக்குள், சூட்டில், அலுமினியக் கால்வாய்க்குள் (பட்டி பொருத்தும் நீளச் சட்டம்) ஒட்டி எடுத்துப் போய் அங்கே திருகாணியால் பூட்டுங்கள். வயரையும் சொல்ல வேண்டும். சாதாரண பிளாஸ்ரிக் உறை போட்ட வயர் அந்தக் குளிரில் கம்பிபோல் விறைத்து, வளைத்தால் வெடிக்கும். சிலிக்கன் உறை போட்ட 18 கேஜ் வயர் நூல்போல வளையும்.

அடுத்தது பற்றரி. இப்போது வைத்திருப்பது லிதியம் அயர்ன் பொஸ்பேற், 12.8 வோல்ற், 10 அம்பியர்-மணி. பெருக்கினால் 128 வாற்-மணி. நிறை ஒன்றரைக் கிலோவுக்குள்தான், ஜாக்கெட் பைக்குள்ளேயே போகும். குளிர் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், எழுபது வீதம்தான் கிடைக்கும் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். அப்போதும் 90 மிச்சம், மூன்று இரவு ஓடும். ஈய அமிலத்தில் பெட்டியில் எழுதியிருப்பதில் பாதியைத்தான் தொடலாம், அந்தப் பாதியிலும் குளிர் ஒரு பங்கு கேட்கும். கையில் பழைய 7 அம்பியர்-மணி பற்றரி சும்மா இருந்தால் ஓரிரவுக்கு அது போதும், எறிய வேண்டாம். ஆனால் திரும்பும்போது கட்டாயம் கூடவே கொண்டுவாருங்கள்.

லிதியத்தில் நான் விட்ட பிழையையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாங்கியதை ஏரியால் வந்த களைப்பில் கராஜிலேயே சார்ஜரில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். கராஜ் மைனஸ் 12. இந்த வகை பற்றரி மைனஸ் 20இலும் மின்சாரம் கொடுக்கும், ஆனால் பூச்சியத்துக்குக் கீழே வாங்கக்கூடாது. குளிர்ந்த நிலையில் சார்ஜ் ஏற்றினால் லிதியம் உள்ளே போய் அமராமல் மின்வாயின் மேல் உலோகமாகப் படிந்துவிடும். படிந்தது திரும்பி வராது. அப்படி நாலைந்து தரம் செய்தேன் போலிருக்கிறது. பெப்ரவரியில் இரண்டு மணி நேரம்கூட நிற்கவில்லை. குளிரில் சார்ஜைத் தானாகவே மறிக்கும் பாதுகாப்புச் சுற்று சில பற்றரிகளில் உண்டு, வாங்கும்போது கேளுங்கள். இல்லாவிட்டால் என்னைப்போல் செய்யுங்கள்: வந்ததும் பற்றரியை ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் கட்டிக் குசினி மேசையில் வைத்துவிடுவேன். பைக்குள் இருந்தால் ஈரம் பையில்தான் வேர்க்கும், பற்றரியில் அல்ல. காலையில் தேத்தண்ணி குடித்த பிறகுதான் சார்ஜர்.

கொட்டிலுக்குள்ளும் பற்றரிக்கு இடம் பார்க்க வேண்டும். ஹீற்றர் எரியும்போது தலைக்கு மேல் வேர்க்கும், காலடியில் வாளித் தண்ணீர் உறையும். தரையில் வைத்தால் அது மைனஸில்தான் இருக்கும். மீன் பெட்டிக்குப் பயன்பட்ட ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி ஒன்றை வெட்டி, தோளுயரத்தில் சின்னத் தட்டு அடித்து, அதற்குள் வைத்திருக்கிறோம். ஹீற்றருக்கு நேர் மேலே வேண்டாம், எதிர்ச் சுவரில் வையுங்கள்.

பியூஸ் இல்லாமல் எதையும் தொடுக்காதீர்கள். எங்கள் விளக்கு ஒரு அம்பியர்கூட எடுப்பதில்லை, ஆனால் வயர் எங்காவது உரசி ஒட்டிக்கொண்டால் அந்தச் சின்னப் பற்றரியே வயரைப் பழுக்க வைக்கும். மரச்சுவர், பக்கத்தில் புரொப்பேன் சிலிண்டர், சுற்றிலும் இருட்டு. நேர் முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 3 அம்பியர் பியூஸ். இணைப்புக்கு ஆண்டர்சன் வகை பிளக் நல்லது. இரண்டு பக்கமும் ஒரே உருவம், கையுறையோடு பொருத்தலாம். இன்வேட்டர் போட்டு வீட்டு பல்ப் எரிக்கலாமே என்று ஒருவர் கேட்டார். சும்மா இருக்கும்போதே இன்வேட்டர் எங்கள் விளக்கை விடக் கூடுதலாகக் குடிக்கும்.

மீன் பார்க்கும் சோனாருக்குத் தனி பற்றரி வையுங்கள். ஒரே பற்றரியில் கொடுத்தபோது, டிம்மரை இறக்கியதும் எங்கள் திரையில் கோடு கோடாக மீன் காட்டியது. மச்சான் அரை மணி நேரம் அந்தக் கோட்டுக்குத் தூண்டில் ஆட்டிக்கொண்டிருந்தான். காரணம் டிம்மர்தான் என்று எனக்குத் தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் சொல்லவில்லை.

தலைவிளக்கு ஒன்று ஆளுக்கு ஒன்றாகக் கட்டாயம் வேண்டும், வயர் விளக்கு நின்றால் கரைக்கு வழி அதுதான். அதற்குச் சாதாரண அல்கலைன் போட்டால் குளிரில் சீக்கிரம் விழுந்துவிடும். லிதியம் ஏ.ஏ. விலை கூட, ஆனால் மைனஸ் 40 வரை தாங்கும். அதில் சிவப்பு வெளிச்சம் இருந்தால் நல்லது. கதவைத் திறந்து வெளியே போகும்போது கண் குருடாகாது.

வெளியே விளக்கு வேண்டாம். ஸ்னோமொபில்காரர் இருட்டில் கொட்டிலைக் காண வேண்டும் என்பது உண்மைதான், அதற்கு ஒளி தெறிக்கும் ரேப்பை நான்கு மூலையிலும் ஒட்டினால் போதும், பூச்சிய வாற். கொட்டிலின் பதிவு இலக்கத்தை எப்படியும் வெளியே எழுதத்தான் வேண்டும், குறைந்தது 6.3 சென்ரிமீற்றர் உயரத்தில். அதையும் அந்த ரேப்பிலேயே வெட்டி ஒட்டினேன்.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் சித்தப்பா இரவுத் தொழிலுக்குப் பெற்றோல்மக்ஸ் கொண்டுபோவார். அந்தச் சீறும் சத்தமும் வெளிச்சமும் எனக்கு இன்னும் பிடிக்கும், புரொப்பேனில் எரியும் மன்ரில் விளக்கு அதையே ஞாபகப்படுத்தும், சூடும் தரும். ஆனால் சித்தப்பாவின் வள்ளத்துக்குச் சுவர் இல்லை. மூடிய கொட்டிலுக்குள் ஹீற்றரோடு இன்னொரு நெருப்பு எரிந்தால் கார்பன் மொனொக்சைட் வரும் வழியும் இரண்டாகும். பற்றரி வெளிச்சத்துக்கு நான் மாறியதற்குக் காசை விட இதுதான் காரணம். ஹீற்றருக்காக மேலேயும் கீழேயும் காற்றுத் துவாரம் விடுங்கள், அலாரமும் வையுங்கள். ஆனால் வீட்டு அலாரங்கள் பல 4 பாகைக்குக் கீழே வேலை செய்யும் என்று உத்தரவாதம் தருவதில்லை, பெட்டியில் வாசித்துப் பாருங்கள். எங்களுடையதை ஜாக்கெட்டின் உள்பைக்குள் கொண்டுபோய், கொட்டில் சூடேறிய பிறகு நெஞ்சுயரத்தில் மாட்டுவோம். துவாரத்தை மட்டும் ஒருநாளும் அடைப்பதில்லை.

சிம்கோவில் மார்ச் 15க்குள் கொட்டிலை ஏரியில் இருந்து எடுத்துவிட வேண்டும். அன்று அலுமினியக் கால்வாயைத் திருகாணி கழற்றி வீட்டுக்குக் கொண்டுவருவேன். இணைப்புகளில் பச்சை பிடித்திருந்தால் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்ப்பேன். பற்றரியைப் பாதிச் சார்ஜில் வைத்து, பியூஸையும் கழற்றி, நிலவறையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன்.