ஓநாய் மனிதர்களை மலையகத்துக்குக் கொண்டுவரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

'வேர்வுல்ஃப்: தி அபோகலிப்ஸ்' என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஓநாய் மனிதர்களாக வேடமேற்றுக் கதை வளர்க்கும் விளையாட்டு. அதை இலங்கை மலையகத்தின் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ நடப்பதுபோல நடத்த ஆசைப்படும் கதைசொல்லிகள் (ஆட்டத்தை நடத்துபவர்கள்) முதலில் கைவைப்பது பிளாக் ஸ்பைரல் டான்ஸர்கள் மீதுதான். கெட்டுப்போன ஓநாய் மனிதர்கள், உடம்பெல்லாம் தழும்பு, பனிமூட்டத்துக்குள் இறக்கிவிட்டால் மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு நம்பிக்கை. அப்படி இறக்கிவிட்டால் வெறும் அடிதடிதான் மிஞ்சும்.

அவர்கள் ஒரு காலத்தில் ஸ்கொட்லாந்தின் பிக்ட் மக்களோடு வாழ்ந்த வைட் ஹௌலர்ஸ் குலம். சீரழிவின் சக்தியான வேர்மை எதிர்க்கப் போய், கறுப்புச் சுருள் என்ற புதிர்ப்பாதைக்குள் நுழைந்து, புத்தி பேதலித்து வெளியே வந்தார்கள். இதை மறந்துவிட்டுத் தழும்பை வெறும் ஒப்பனையாக வைப்பது பெரிய தவறு. ஒவ்வொரு தழும்பும் எங்கே, எதற்காகத் தோற்றபோது வந்தது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிறவிக் குறையுள்ள உடம்பைத் தீமையின் அடையாளமாகக் காட்டும் சோம்பேறித்தனமும் அப்போது தானாக ஒழியும்.

ஒதுக்கப்பட்டவனையும் கறைபட்டவனையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்களும் உண்டு. குலம் துரத்திவிட்டவன், அல்லது தானே விலகிப் போனவன், ரோனின். அவனிடம் வேர்மின் கறை இருக்க வேண்டியதில்லை. டான்ஸர்களோ தங்களுக்கென்று குலமும் கூட்டமும் சடங்கும் உள்ளவர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் ஒரு குற்றமும் செய்யாமலே நாடற்றவர்களான தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் விளையாடும் மேசையில், ஒதுக்கப்பட்டவன் என்றாலே கெட்டவன் என்று கதை போனால் யாருக்குத்தான் பிடிக்கும்? லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, ஒரு பாத்திரம் வேண்டுமென்றால் ரோனினாக எடுங்கள், அருமையாகப் பொருந்தும்.

அடுத்தது, ஓநாய் எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் விடுவது. இலங்கையில் காட்டு ஓநாயே கிடையாது, நரியும் சிறுத்தையும்தான். ஆனால் ஸ்கொட்லாந்துக்காரர்கள் வந்தார்களே! லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் அந்த நாட்டுக்காரர். பெல்மோரல், எடின்பரோ என்று தோட்டங்களின் பெயரிலேயே வழி இருக்கிறது. துரைமாரின், அதாவது வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகளின், கப்பலில் ஒரு டான்ஸர் கூட்டமும் வந்து இறங்கியது என்று வைத்தால், கதைக்கு வேறு சாக்குத் தேவையில்லை. (டெய்லரையே ஓநாயாக்க வேண்டாம், அது மலிவான வேலை.)

சரி, அப்புறம் இன்னொரு சறுக்கல் இருக்கிறது. 1869இல் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்த துரு நோய் தலைகாட்டி, சில ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்களை அழித்தது. இது வேர்ம் அனுப்பிய சாபம் என்று கதைசொல்லிக்குச் சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். காட்டை வெட்டி மலை மலையாக ஒரே செடியை நட்டதுதான் அந்தப் பூஞ்சைக்கு விருந்து வைத்தது. மனிதனின் பேராசையை ஓநாயின் தலையில் கட்டினால் துரைமார் தப்பித்துவிடுவார்கள். அந்த ஆசையின் வாடைக்கு டான்ஸர்கள் வந்து சேர்ந்தார்கள் என்று வையுங்கள், பயம் கூடும்.

முனியாண்டியையும் மாடசாமியையும் வேர்மின் தீய ஆவிகளாக மாற்றுவதும் வேண்டாம். தோட்டத்துக்குக் காவல் நிற்கும் சாமிகள் அவை. மேசையில் இருப்பவர்களில் யாரோ ஒருவர் வீட்டில் அதற்குப் பொங்கல் வைப்பார்கள்.

விதியில் அடிக்கடி தவறவிடுவது டிலீரியம். போருக்கான கிரைனோஸ் உருவத்தைச் சாதாரண மனிதர்கள் பார்த்தால் பெரும்பாலும் பயத்தில் நிலைகுலைவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள் அல்லது மாற்றிச் சொல்வார்கள். ஆகவே லயமே தீப்பந்தம் ஏந்தி ஓநாயைத் துரத்தும் காட்சி இந்த ஆட்டத்தில் எடுபடாது. மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக் களத்தில் ஒருவர் சிறுத்தை என்பார், இன்னொருவர் மண்சரிவுச் சத்தம் என்பார், கங்காணி எல்லோரையும் வேலைக்கு விரட்டுவார். உங்கள் ஆட்டக்காரர்கள் துப்புத் துலக்க வேண்டியது அந்தப் பேச்சிலிருந்துதான்.