சாரல் காலத்தில் காமாக் கதிர் தேடுவது எப்படி?

ஜூன் பிறந்துவிட்டால் செங்கோட்டையில் நட்சத்திரம் பார்க்கிற வேலை நடக்காது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் புகுந்தால் ஆவணி வரை வானம் பெரும்பாலும் மூடியே கிடக்கும். நான் காமாக் கதிர் தேடப் பழகியது அந்த மாதங்களில்தான். தொலைநோக்கி வேண்டாம். பழைய லேப்டாப், கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி, நிறையப் பொறுமை இருந்தால் சரி.

முதலில் எதைத் தேடுகிறோம் என்று பார்த்துவிடுவோம். சில கேலக்ஸிகளின் நடுவே இருக்கும் ராட்சதக் கருந்துளை, ஒளி வேகத்தை ஒட்டிய வேகத்தில் தாரையாகப் பொருளைப் பீய்ச்சுகிறது. அந்தத் தாரை நம் பக்கம் திரும்பியிருந்தால் அதற்குப் பிளேசார் என்று பெயர். அதிலிருந்து வரும் காமாக் கதிரின் ஆற்றல், கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் போல ஏறத்தாழ லட்சம் கோடி மடங்கு. நம் பால்வீதிக்கு வெளியே இப்படி முதலில் சிக்கியது மார்க்கேரியன் 421. 1992ல் அரிசோனாவின் விப்பிள் தொலைநோக்கி அதைப் பிடித்தது.

இந்தக் கதிர் தரைவரை வராது. மேலே காற்றில் மோதித் துகள் மழையாகிவிடும். அந்த மழை சில நானோநொடிகள் நீலமாக மின்னும். அதுதான் செரன்கோவ் ஒளி. லடாக்கின் ஹான்லேயில் 21 மீட்டர் மேஸ் தொலைநோக்கி, நமீபியாவில் ஹெஸ் தொலைநோக்கிகள் எல்லாம் இந்த மின்னலைத்தான் படம் எடுக்கின்றன. சிக்கல் என்னவென்றால், காஸ்மிக் கதிர்களும் இதே மாதிரி மின்னும், அதுவும் ஆயிரக்கணக்கான மடங்கு அதிகமாக. அரிசியில் கல் பொறுக்குவது போல இல்லை, கல் மூட்டையில் அரிசி பொறுக்குகிற வேலை. காமாவின் படம் ஒல்லியான நீள்வட்டமாக இருக்கும். காஸ்மிக் கதிர்களில் பெரும்பகுதியான புரோட்டானின் படம் சிதறிக் கிடக்கும். இந்த முதல் புடைத்தலைத் தொலைநோக்கிக் குழுவே செய்து தந்துவிடும். ஆனாலும் கல் மிச்சம் இருக்கும்.

படி 1: தரவு

ஹெஸ் குழு 2018ல் தன் தரவில் ஒரு சிறு பகுதியைப் பொதுவில் வைத்தது. அதைப் படிக்கக் கேமாபை என்ற இலவச மென்பொருள் போதும். கோண்டா (conda) என்ற நிறுவல் கருவியில் இதற்கென்று தனிச் சூழல் உருவாக்கி அதில் நிறுவுங்கள். ஏற்கெனவே இருக்கும் பைத்தானோடு கலந்தால் பதிப்புச் சண்டை வரும். தரவை இறக்கிய பிறகு, அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று கேமாபை டேட்டா (GAMMAPY_DATA) என்ற சூழல் மாறியில் சொல்ல வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான்.

படி 2: இலக்கு

பிகேஎஸ் 2155-304 என்ற பிளேசாரை எடுத்துக்கொள்ளுங்கள். வானத்தில் அதன் முகவரி: வல ஏற்றம் 329.72 பாகை, நடுவரை விலக்கம் -30.23 பாகை. கழித்தல் குறியை விட்டுவிடாதீர்கள். அதன் ஒளி இங்கே வந்துசேர ஏறத்தாழ 150 கோடி ஆண்டு ஆகிறது. இந்தத் துறையில் இது கிட்டத்து வீடு என்றே சொல்லலாம். தூரம் கூடக் கூட, இடைவெளியில் பரவியிருக்கும் அகச்சிவப்பு ஒளியில் மோதிக் காமாக் கதிர்கள் எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடியாகிக் காணாமல் போகும். ரொம்பத் தூரத்து இலக்கோடு ஆரம்பித்தால் மனசு வெறுத்துவிடும்.

படி 3: வட்டங்கள்

தொலைநோக்கி இலக்கை நேராகப் பார்க்காது. அரைப் பாகை தள்ளிப் பார்க்கும். காரணம், ஒப்பிடுவதற்குக் காலி வானமும் அதே படத்தில் வேண்டும். இலக்கின் மேல் 0.11 பாகை ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். கேமரா மையத்திலிருந்து அதே தூரத்தில், சுற்றிலும் அதே அளவில் காலி வட்டங்களைக் கேமாபை தானே போட்டுத் தரும். மையத்திலிருந்து விலக விலகக் கேமராவின் உணர்திறன் குறையும் என்பதால்தான் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும்.

படி 4: கழித்தல்

தேடலே இங்கேதான் நடக்கிறது. எங்கள் பக்கம் கேரளத்துக்குப் போகிற வைக்கோல் லாரியை எடை மேடையில் ஏற்றினால், மொத்த எடையில் காலி லாரியின் எடையைக் கழித்துத்தான் வைக்கோலுக்குக் காசு. நமக்கோ அந்த லாரியைக் காலியாக எடை போட வழியில்லை. அதே மாதிரி ஐந்து காலி லாரிகளை எடை போட்டுச் சராசரி எடுக்கிறோம்.

கணக்காகப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு நான் போட்டவை. இலக்கு வட்டத்தில் 120 நிகழ்வு, அதாவது 120 மின்னல். ஐந்து காலி வட்டங்களிலும் சேர்த்து 400. ஐந்தால் வகுத்தால் 80. கழித்தால் மிச்சம் 40. கிடைத்துவிட்டது என்று துள்ள வேண்டாம். லீ, மா என்ற இரு விஞ்ஞானிகள் 1983ல் தந்த சூத்திரத்தில் போட்டால் 3.75 சிக்மாதான் வருகிறது. தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதன் அளவுதான் சிக்மா. இந்தத் துறையில் 5 சிக்மா தாண்டினால்தான் கண்டுபிடிப்பு என்று வாயைத் திறப்பார்கள். பயப்பட வேண்டாம், பிகேஎஸ் தரவு அதையெல்லாம் சுலபமாகத் தாண்டிவிடும்.

நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். அதே தொகுப்பில், இலக்கு எதுவும் இல்லாத காலி வானத் தரவும் உண்டு. ஓர் ஆடி மாதம் அதில் வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி முந்நூறு இடமாவது பார்த்திருப்பேன். ஓரிடத்தில் 3 சிக்மா வந்தது. அன்று தூக்கமே இல்லை. காலையில்தான் உறைத்தது: ஒன்றுமே இல்லாவிட்டாலும் சுமார் 740 இடத்தில் ஒன்று அப்படிக் காட்டும். முந்நூறு தடவை வலை வீசியவனுக்கு ஒரு பொய் மீன் சிக்கியதில் ஆச்சரியம் என்ன? இப்போதெல்லாம் எங்கே வட்டம் போடப் போகிறேன், எத்தனை தடவை என்று நோட்டில் எழுதிவிட்டுத்தான் லேப்டாப்பைத் திறக்கிறேன். நீங்களும் படி 4ஐ ஒரு தடவை காலி வானத்தில் ஓட்டிப் பாருங்கள்.

படி 5: நறுக்கிப் பார்த்தல்

2006 ஜூலை 28 அதிகாலை இந்தப் பிளேசார் வெறி பிடித்தது போல் கொதித்தது. சுமார் 200 நொடிக்குள்ளேயே அதன் வெளிச்சம் மளமளவென்று மாறியது. பொதுத் தரவில் இருப்பது மறுநாள் ஜூலை 29 இரவுக் கொதிப்பு. அதைப் பத்துப் பத்து நிமிடமாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் கழித்தல் செய்து வரைபடம் போடுங்கள். முதல் துண்டுகள் உயரத்தில் நிற்கும். விடிய விடியக் கோடு சரிந்துகொண்டே போகும்.