மினி பைக்கில் பெரிய எஞ்சின் பொருத்துதல்: பின்சக்கரத்திலிருந்து தொடங்கும் செய்முறை

மினி பைக்குகள் பல 79 சிசி முதல் 100 சிசி வரையிலான சிறிய எஞ்சினோடுதான் விற்பனைக்கு வருகின்றன. அந்த எஞ்சின் தேய்ந்துபோனாலோ, ஏற்றத்தில் திணறினாலோ, தண்ணீர் பம்புகளிலும் ஜெனரேட்டர்களிலும் இருக்கும் பொதுப் பயன்பாட்டு எஞ்சின் ஒன்றை அதே இடத்தில் பொருத்திவிடலாம். 196 சிசி கொண்ட ஹோண்டா ஜிஎக்ஸ்200 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கீழே வரும் அளவுகளை அதை வைத்தே சொல்கிறேன். எஞ்சினை வாங்கி வந்து ஃபிரேமில் உட்கார வைத்துவிட்டு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். பிரேக், செயின், ஃபிரேம் மூன்றையும் முடிவு செய்த பிறகே எஞ்சினுக்கு வர வேண்டும் என்பது என் கருத்து.

படி 1: பிரேக்கும் ஃபிரேமும்

வண்டியின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 42 ஆக உயர்ந்தால், பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஆகவே, பழைய எஞ்சினுக்கே தட்டுத்தடுமாறி நின்ற பேண்ட் பிரேக்கை (டிரம்மைப் பட்டையால் இறுக்கும் பிரேக்) அப்படியே விட்டுவிட்டுப் புதிய எஞ்சினை ஏற்றக் கூடாது. பின்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட இடமிருந்தால் போடுங்கள். இல்லையென்றால் பிரேக் லைனிங்கைப் புதிதாக மாற்றி, கேபிளையும் மாற்றுங்கள். லீவரை முழுவதும் பிடித்த நிலையில் வண்டியை முன்னால் தள்ளும்போது பின்சக்கரம் சுழலாமல் தரையில் இழுபட வேண்டும்.

ஃபிரேமைப் பொறுத்தவரை, பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு வெல்டிங் மூட்டுகளைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஜிஎக்ஸ்200 ஏறத்தாழ 16 கிலோ எடை கொண்டது. அதன் அதிர்வும் கூடுதல். சக்கர பேரிங்குகளைக் கையால் சுற்றும்போது கரகரப்பு தெரிந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள், ஏனென்றால் பின்னால் மாற்றுவதென்றால் செயினையும் பிரேக்கையும் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும். பெயின்ட் அடிப்பதைக் கடைசிக்கு வையுங்கள்.

படி 2: ஷாஃப்ட்டும் பல் கணக்கும்

சிறிய எஞ்சின்களின் கிராங்க் ஷாஃப்ட் (எஞ்சினின் சுழற்சியை வெளியே தரும் தண்டு) விட்டம் பெரும்பாலும் 15.9 மில்லிமீட்டர், அதாவது 5/8 அங்குலம். ஜிஎக்ஸ்200 வகையில் பரவலாகக் கிடைப்பது 19.05 மில்லிமீட்டர், அதாவது 3/4 அங்குலம். எனவே பழைய கிளட்ச், அதாவது ஷாஃப்டில் மாட்டி, எஞ்சின் வேகம் கூடும்போது தானாகப் பிடித்துச் செயினை இழுக்கும் பல்லுள்ள பாகம், புதிய எஞ்சினுக்குப் பொருந்தாது. 3/4 அங்குலத் துளை கொண்ட புதிய கிளட்ச் வாங்க வேண்டும். இதே எஞ்சின் கூம்பு ஷாஃப்ட், மரையிட்ட ஷாஃப்ட் எனப் பல வடிவங்களில் வருவதால், வாங்கும்போது கீ பொருத்தும் காடி வெட்டிய நேரான ஷாஃப்ட்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்து, பல் கணக்கு. கிளட்சில் 12 பல், பின்சக்கரத்தில் 72 பல் என்றால் விகிதம் 6. எஞ்சின் நிமிடத்துக்கு 3600 சுற்று சுழலும்போது சக்கரம் 600 சுற்று சுழலும். டயரின் விட்டம் 37 சென்டிமீட்டர் எனில் ஒரு சுற்றுக்கு 1.16 மீட்டர், ஆக வேகம் மணிக்கு ஏறக்குறைய 42 கிலோமீட்டர். கிளட்சை மட்டும் 10 பல்லாக மாற்றினால் விகிதம் 7.2 ஆகி, வேகம் 35 கிலோமீட்டராகக் குறையும். ஆனால் ஏற்றத்தில் வண்டி நன்றாக இழுக்கும், கிளட்சும் கருகாது. பெரிய எஞ்சின் வந்துவிட்டதே என்று விகிதத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டப் பார்ப்பவர்களுக்கு முதலில் போவது கிளட்ச்தான். தொடக்கநிலையாளர்கள் 6-க்குக் கீழே போக வேண்டாம் என்பேன்.

கிளட்ச், பின் ஸ்பிராக்கெட் (பின்சக்கரத்தின் பல்சக்கரம்), செயின் மூன்றுக்கும் ஒரே பிட்ச், அதாவது அடுத்தடுத்த செயின் ஊசிகளுக்கு இடையே ஒரே தூரம், இருக்க வேண்டும். 35-ஆம் எண் செயினின் பிட்ச் 9.525 மில்லிமீட்டர், 41, 420 ஆகிய எண்களுக்கு 12.7 மில்லிமீட்டர். 420 வலிமையானது என்றாலும், 12.7 மில்லிமீட்டர் பிட்சில் அதே பல் எண்ணிக்கைக்கு ஸ்பிராக்கெட் பெரிதாகிவிடும்.

படி 3: எஞ்சினை உட்கார வைத்தல்

ஜிஎக்ஸ்200-இன் அடியில் நான்கு போல்ட் துளைகள் 162 × 75.5 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். பழைய மவுண்ட் தகடு பொருந்தவில்லையென்றால், 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகட்டில் புதிதாகத் துளையிடுங்கள். துளைகளை வட்டமாக விடாமல், முன்னும் பின்னும் 20 மில்லிமீட்டர் நகரும்படி நீளவாக்கில் அரத்தால் ராவிவிட்டால், செயினை இறுக்குவதற்கு எஞ்சினையே நகர்த்திக்கொள்ளலாம். போல்ட்டுகளுக்கு நைலான் உள்ள பூட்டு நட்டுகளைப் பயன்படுத்துங்கள். சாதாரண நட்டு இந்த அதிர்வில் நிற்காது.

இவ்வகை எஞ்சின்கள் ஷாஃப்ட் பக்கத்திலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றுபவை. ஆகையால் ஷாஃப்ட் வண்டியின் இடப்பக்கம் வர வேண்டும். வலப்பக்கம் வைத்தால் வண்டி பின்னோக்கி ஓடும். வெல்டிங் தேவைப்பட்டால் எஞ்சினையும் பெட்ரோல் டேங்கையும் கழற்றி அப்புறப்படுத்திய பின்னரே செய்யுங்கள். துத்தநாகப் பூச்சுள்ள குழாயை வெல்டிங் செய்ய நேர்ந்தால், பூச்சை முழுவதும் அரைத்து நீக்கிவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

படி 4: கிளட்சும் செயின் நேர்கோடும்

இந்த வேலையில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இது. கிளட்சை ஸ்பிராக்கெட் உட்புறமாகவோ வெளிப்புறமாகவோ வரும்படி ஷாஃப்டில் மாட்டலாம். செயின் எந்த நிலையில் நேராக வருகிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். நேரான இரும்புப் பட்டை ஒன்றைப் பின் ஸ்பிராக்கெட்டின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் பிடித்து முன்புறம் நீட்டினால், கிளட்சின் பற்களும் அதே கோட்டில் வந்து தொட வேண்டும். 2 மில்லிமீட்டர் விலகல் இருந்தாலே செயின் ஒரு பக்கமாகத் தேயத் தொடங்கும். சிறிது ஓட்டிய பிறகு செயின் இணைப்புத் தகடுகளின் உட்புறம் ஒருபக்கம் மட்டும் பளபளத்தால், கோடு விலகியிருப்பதற்கு அதுவே அடையாளம். மெல்லிய வாஷர்களை ஷாஃப்டில் சேர்த்தோ எடுத்தோ சரிசெய்யுங்கள்.

செயின் இணைப்புக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்கட்டும். நடுவில் அழுத்தினால் செயின் 12 மில்லிமீட்டர் அளவுக்கு ஆட வேண்டும். கிளட்சின் உள் புஷ்ஷுக்கு ஒரு சொட்டு ஆயில் போதும். கூடுதலாக விட்டால் அது உள்ளே உராய்ந்து பிடிக்கும் ஷூக்களில் தெறித்துக் கிளட்ச் வழுக்கும். வேலை முடிந்ததும் செயினுக்குக் காவல் தகடு போடாமல் யாரையும் ஏற விடாதீர்கள்.

படி 5: ஆக்சிலேட்டர், கில் சுவிட்ச், கவர்னர்

ஆக்சிலேட்டர் கேபிளை கார்புரேட்டரின் பட்டர்ஃபிளையில் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) நேரடியாகக் கட்டாமல், எஞ்சின் வேகம் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளும் கவர்னரின் கட்டுப்பாட்டு லீவரில் இணைக்க வேண்டும். கைப்பிடியை விட்டவுடன் லீவர் தானாகத் திரும்புகிறதா என்று ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதும் திருப்பிச் சோதியுங்கள். இக்னிஷன் காயிலிலிருந்து வரும் வயரை ஃபிரேமோடு தொடவைத்தால் எஞ்சின் நின்றுவிடும். அந்த இணைப்பைச் செய்யும் கில் சுவிட்ச் கட்டைவிரல் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

கவர்னரைக் கழற்றிவிட்டால் வேகம் கூடும் என்ற யோசனையைப் பல இடங்களில் கேட்பீர்கள். இந்த எஞ்சின்கள் ஏறக்குறைய 3600 சுற்றுக்கென வடிவமைக்கப்பட்டவை. அதைத் தாண்டிச் சுழற்றினால் கனெக்டிங் ராடு முறியலாம், வார்ப்பிரும்பு ஃபிளைவீல் வெடித்துச் சிதறலாம். அது இருப்பது உங்கள் கால்களுக்கு நடுவே.

படி 6: முதல் ஓட்டம்

புதிய எஞ்சின்கள் பெரும்பாலும் ஆயில் இல்லாமலே வரும். எஞ்சினை மட்டமாக வைத்து, 0.6 லிட்டர் 10டபிள்யூ-30 ஆயிலை நிரப்புங்கள். பின்சக்கரம் தரையில் படாதபடி வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி ஸ்டார்ட் செய்து, ஐட்லிங் வேகத்தை 1400 சுற்றுக்கு அருகில் வையுங்கள். அப்போது செயின் நகரக் கூடாது. நகர்ந்தால் ஐட்லிங் அதிகமாக இருக்கிறது, அல்லது கிளட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பொதுச் சாலைக்கு இவ்வகை வண்டிகளுக்குப் பெரும்பாலும் அனுமதி இருக்காது. தனியார் திடலில், ஹெல்மெட் அணிந்து ஓட்டுங்கள். முதல் பத்து நிமிட ஓட்டத்துக்குப் பிறகு நிறுத்தி, எஞ்சின் ஆறியதும் மவுண்ட் போல்ட்டுகளை மறுபடி இறுக்கி, புதுச் செயின் நீண்டிருந்தால் எஞ்சினைச் சற்று முன்னோக்கி நகர்த்தித் தொய்வைச் சரிசெய்யுங்கள். முதல் ஆயிலை 20 மணி நேர ஓட்டத்துக்குள் வடித்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும்.