கட்டுரை திருத்தும்போது உங்கள் ரசனையை இலக்கணம் ஆக்காதீர்கள்

மாணவர் கட்டுரையைத் திருத்துகிறவர் செய்யும் பெரிய தவறு, தமக்குப் பிடிக்காததையெல்லாம் பிழை என்று சிவப்பு மையில் சுழிப்பது. பிழைக்குக் காரணம் சொல்ல முடியும். 'சுவற்றில்' பிழை, ஏனென்றால் கிணறு, வயிறு போல 'று'வில் முடியும் சொற்கள்தாம் கிணற்றில், வயிற்றில் என்று இரட்டிக்கும். சுவர் 'ர்' என முடிவதால் சுவரில்தான். 'வருடம்' என்பதை அடித்து 'ஆண்டு' என்று எழுத அப்படி ஓர் இலக்கணக் காரணம் கிடையாது. வடசொற்களைத் தவிர்க்கச் சொல்லி 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் வழி வந்த தேர்வு அது. நல்ல தேர்வுதான், பரிந்துரைக்கலாம், அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது.

'முயற்சித்தான்', 'வாழ்த்துக்கள்' போன்றவற்றில் தமிழறிந்தவர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். தேர்வுத்தாளில் 'முயன்றான்', 'வாழ்த்துகள்' என்று எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று மாணவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை 'கதைத்தோம்' என்று எழுதினால் 'பேசினோம்' என்று மாற்றவே வேண்டாம்.

அதிகம் குழப்புவது, இரண்டு சொற்களுக்கு நடுவே க், ச், த், ப் என்று வரும் ஒற்று. காதுக்கு இனிமையாக இருக்கிறது என்று கண்ட இடத்தில் ஒற்றுப் போடும் ஆசிரியரும் உண்டு, எரிச்சலில் மொத்தமாக விட்டுவிடுபவரும் உண்டு. 'தந்த பலகை' என்றால் யாரோ கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தால் ஆனது. பொருளே மாறுவதால் இது ரசனைக்கு விடும் இடமல்ல. எல்லா விதியையும் ஒரே நாளில் கொட்டாமல், க, ச, த, ப வரிசைக்கு முன் ஒற்று மிகும் மூன்று இடங்களை முதலில் பழக்குங்கள்: அந்த, இந்த, எந்த (அந்தப் பையன்), 'ஐ' உருபு (கதையைப் படித்தான்), 'கு' உருபு (அவனுக்குக் கொடு). பிறகு மிகாத இடங்கள்: தம்பி பேசினான், வந்த பையன், சுடுசோறு.

இனி ஒரு வாக்கியம்:

"மழையில பறவைகள் எல்லாம் மரத்துல ஒதுங்கி இருந்தது, எனக்கு பாவமா இருந்துச்சு."

இதைக் 'கார்முகில் பொழியப் புள்ளினங்கள் தருக்களில் தஞ்சமடைந்தன' என்று திருத்தினால் எழுதிய பிள்ளையே அதில் இல்லை. பறவைகள் பன்மை என்பதால் 'இருந்தன'. 'எனக்கு'க்குப் பின் 'ப்'. உரைநடைக்காக மழையில், மரத்தில், பாவமாக இருந்தது. இவ்வளவு போதும். இதே வரி கதை உரையாடலில் வந்தால் பேச்சு வழக்கை அப்படியே விடுங்கள்.

முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதீர்கள்; என்ன சொல்ல வருகிறார் என்பது முழுதாகப் பிடிபடட்டும். இரண்டாவது வாசிப்பில் இரண்டு வகைப் பிழைகளை மட்டும் குறியுங்கள். பக்கம் முழுக்கச் சிவந்தால் மாணவர் எதையும் படிக்காமல் மூடிவிடுவார். ஒவ்வொரு குறிக்கும் ஓரத்தில் ஒரே சொல்லில் காரணம் எழுதுங்கள்: பன்மை, ஒற்று, காலம். காரணம் எழுத வராவிட்டால் அது உங்கள் ரசனை. சிவப்பு மையை விட்டுப் பென்சிலில் 'இப்படியும் எழுதலாம்' என்று குறியுங்கள்.