தை மாதக் கோடையில் தோரணம்: மொரீஷியஸ் வீடுகளில் கைவேலை செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பூசத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் யாராவது ஒருவர் போன் பண்ணிவிடுவார்கள். "அக்கா, முந்தாநாள் கட்டி வைத்த தோரணம் கருத்துப்போச்சு, தண்ணி தெளிச்சா சரியாகுமா?" சரியாகாது. கருத்த ஓலை கருத்ததுதான், புதிதாக வெட்ட வேண்டும்.

கட்டியவருக்குக் கைவேலை தெரியாது என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலும் தமிழ்நாட்டில் எடுத்த வீடியோவைப் பார்த்து, அதில் சொன்னபடியே அக்கறையாகச் செய்திருப்பார். அங்கே தை என்றால் பனிக்காலம். இங்கே தை நடுக்கோடை, அதுவும் புயல் மாதம். அங்கே தீபாவளிக்கு அடைமழை. நமக்கோ அக்டோபரும் நவம்பரும் வருடத்திலேயே மழை குறைந்த காலம். பண்டிகை ஒன்றுதான், பருவம் தலைகீழ். நான் பார்க்கும் தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்தை மறப்பதால் வருகிறவை.

முதலில் குருத்தோலை. இதை முன்கூட்டியே செய்து வைத்துவிடலாம் என்ற எண்ணமே வேண்டாம். விசேஷத்துக்கு முந்தின நாள் வெயில் தாழ்ந்த பிறகு குருத்தை இறக்கி, ஈரச் சாக்கிலோ பழைய பருத்தி வேட்டியிலோ சுற்றி, வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். ஈரம் கசிந்தால் போதும். வாளித் தண்ணீரில் இரவெல்லாம் ஊறப்போட்டால், இந்த வெக்கையில் காலையில் ஓலை வழவழவென்று ஆகிவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டி காரில் வைப்பது அதைவிட மோசம், உள்ளேயே புழுங்கி வெந்துபோகும்.

கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி ஓலையை அறுக்காது, நசுக்கும். நசுங்கிய விளிம்புதான் முதலில் பழுப்பேறும். ஒரே சமயம் எட்டுப் பத்து ஓலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்காராமல், இரண்டிரண்டாகத் துணிக்குள்ளிருந்து எடுத்து வெட்டி, மடித்து, மறுபடி துணிக்குள் வைத்துவிடுங்கள். வேலை கொஞ்சம் மெதுவாகப் போகும். ஆனால் காலையில் வாசலில் தொங்கவிடும்போது ஓலை வெண்ணெய் நிறத்தில் இருக்கும்.

இன்னொன்று, மரத்தின் மேல் கொஞ்சம் இரக்கம் வேண்டும். தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று. குருத்துக்கு ஆசைப்பட்டு அடிவரை வெட்டினால் மரமே போய்விடும். எவ்வளவு வெட்டலாம் என்று தெரிந்த ஆள் ஏறட்டும். இல்லையென்றால் குருத்தோலையை விட்டுவிட்டு மாவிலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஒரு குறையும் இல்லை. மாவிலையிலும் செம்பு நிறத் தளிரைப் பறிக்காதீர்கள், பார்க்க அழகாக இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் துவண்டுவிடும். கரும்பச்சையாக முற்றிய இலையை ஈர்க்கு குத்திக் கோத்தால் நாள்கணக்கில் நிற்கும்.

ஓலையில் குருவி மடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மங்கலத் தோரணத்தில் குருவித் தலை மேல்நோக்கி இருக்கும், கீழ்நோக்கி இருந்தால் அது துக்க வீட்டுக்கு உரியது. கத்ர் போர்னில் ஒரு கல்யாண வீட்டில் பிள்ளைகள் ஆசையாகச் செய்ததைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். பெரியப்பா ஒருவர் யாரையும் கடிந்துகொள்ளாமல், நாற்காலி போட்டு ஏறி ஒவ்வொன்றாகத் திருப்பி மாட்டினார். அந்தப் பிள்ளைகளுக்கு இது முன்பே யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அடுத்தது காவடி. இங்கே இன்னும் பல குடும்பங்களில் காவடியை வீட்டிலேயே கட்டுகிறோம், அதில் எனக்கு அவ்வளவு பெருமை. ஆனால் பச்சை மூங்கிலில் கட்டாதீர்கள். பச்சையாக இருக்கும்போது இறுக்கிக் கட்டிய கட்டு, மூங்கில் காயக் காயச் சுருங்குவதால் தளர்ந்துவிடும். விரதம் தொடங்கும் நாளில் கட்டிய வளைவு பத்தாம் நாள் தோளில் ஆடுவது இதனால்தான். முற்றிய மூங்கிலை முன்கூட்டியே வெட்டி, நிழலில் காயவிட்டுப் பிறகு பிளந்து வளையுங்கள். கம்பி போட்டுக் கட்டினால் அதன் நுனியை மடக்கி, உடம்பில் படாத பக்கமாகத் திருப்பிவிட வேண்டும். எடையையும் வெறும் சட்டத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நனைந்த பூ, ஓலை, இரண்டு பக்கமும் பால் செம்பு எல்லாம் சேர்ந்த பிறகுதான் உண்மையான பாரம் தெரியும். செம்பில் தண்ணீர் நிரப்பி, தூக்கப்போகிறவர் முற்றத்தில் நாலு சுற்று நடந்து பார்க்கட்டும்.

சட்டத்தை வாசலில் சாத்தி வைப்பதும் வேண்டாம். 2024இல் தைப்பூசம் ஜனவரி 25ஆம் தேதி. பெலால் புயல் வந்தது 15ஆம் தேதி, சரியாகப் பொங்கலன்று. போர்ட் லூயியில் கார்களையே வெள்ளம் இழுத்துப் போனபோது, வெளியே நிற்கும் மூங்கில் எம்மாத்திரம்? சட்டம் தயாரானதும் உள்ளே கொண்டுபோய் உயரத்தில் தொங்கவிடுங்கள்.

இனி நான் செய்த தவறு. தம்பி முதல் முறை காவடி எடுத்தபோது செம்பைத் துலக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். பித்தளையாயிற்றே, புளி போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். தங்கம் மாதிரி மின்னியது. கழுவியும் வைத்தேன், ஆனால் கழுத்து வளைவுக்குள் விரல் விட்டுக் கழுவவில்லை. காலையில் பாலை ஊற்றி, வாழையிலை வைத்து, மஞ்சள் துணியால் கட்டினோம். கோவிலில் அவிழ்த்தபோது பால் திரிந்திருந்தது. பால் திரியாமல் போய்ச் சேர வேண்டும் என்பது நம் எல்லோர் மனத்திலும் இருக்கும் நம்பிக்கை. தம்பி விரதத்தில் தான் எங்கோ குறை வைத்துவிட்டதாக நினைத்து அழுதான். குறை அவனுடையது இல்லை. அந்த வெயிலும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் கழுத்து வளைவில் ஒட்டியிருந்த புளியே பாலைத் திரிக்கப் போதும். அன்றிலிருந்து செம்பை இரண்டு நாள் முன்னாலேயே துலக்கி, உள்ளே பலமுறை அலசி, கடைசியில் கொதிநீர் ஊற்றிக் கவிழ்த்து வைக்கிறேன். பால் ஊற்றும்போது உள்ளே ஈரம்கூட இருக்கக் கூடாது.

தீபாவளிக்கு வந்தால், அகல் விளக்குக்கு வர்ணம் பூசுவது இப்போது எல்லா வீட்டிலும் நடக்கிறது. வெளிப்பக்கம் எப்படி வேண்டுமானாலும் அலங்கரியுங்கள். உட்பக்கத்திலும் திரி நிற்கும் மூக்கிலும் பெயின்ட் கூடாது, சூட்டில் அது கருகிப் புகையும். புது அகலை அப்படியே எடுத்து எண்ணெய் ஊற்றினால் மண் பாதியைக் குடித்துவிடும், மீதி அடியில் கசிந்து தரையைக் கறையாக்கும். சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு வர்ணம் பூச வேண்டும். தெர்மோகோல் தாமரை செய்து நடுவில் விளக்கு வைப்பதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். ஒரு சுடர் சாய்ந்தால் போதும், உருகி எரிந்துகொண்டே சொட்டும். குழந்தைகள் பட்டுப்பாவாடையோடு அதைச் சுற்றித்தான் ஓடுவார்கள்.

பசை விஷயத்தில் நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். இது சின்னத் தீவுதான், ஆனாலும் கியூர்பிப் சுமார் 550 மீட்டர் உயரத்தில் மழையும் மூட்டமுமாக இருக்கும். அங்கே வெள்ளைப் பசை ஒரே இரவில் காயாது, இரண்டு நாள் கொடுங்கள். போர்ட் லூயியில் வேறு தொல்லை. சூட்டுப்பசை துப்பாக்கியால் ஒட்டிய ஆரத்தித் தட்டை மூடிய காரில் வைத்தால் பசை இளகி, கல்லும் முத்தும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். தட்டுகளை மடியில் வைத்துக் கொண்டுபோவதுதான் நல்லது.

ஆரத்திக்குச் சிவப்புச் சாயப்பொடி கரைப்பதையும் நிறுத்தலாம். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தால் தானே சிவக்கும். சுண்டைக்காய் அளவு போதும், கூடினால் நிறம் கறுத்துவிடும்.

பூ கட்ட நைலான் நூல் வேண்டாம், மல்லிகைக் காம்பை அறுத்துவிடும். கொல்லையில் வாழை இருக்கும்போது நூல் எதற்கு? நாரை உரித்து நனைத்து வைத்துக்கொண்டால் காம்புக்கும் இதம், பூவுக்கும் குளிர்ச்சி.

தாம்பூலப் பைக்குத் தாழை ஓலை நல்ல யோசனை. 2016இல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்த பிறகு இதைக் கேட்பவர்கள் அதிகம். வாக்குவா ஊருக்குப் பெயரே இந்தத் தாழையிலிருந்து வந்ததுதான். இதிலும் அவசரம்தான் தவறு. ஓரத்து முள்ளையும் நடு நரம்பையும் சீவி எடுத்து, முழுக்கக் காய்ந்த பிறகே முடைய வேண்டும். பச்சையாக முடைந்தால் கல்யாணத்தன்று பின்னலில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்துவிடும், வெற்றிலை வெளியே எட்டிப் பார்க்கும். காய்ந்த ஓலையை முடையும்போது மட்டும் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் ஒடியாமல் மடியும்.