டென்னிஸ் டிப்ஸுக்குக் காசு கட்ட முன்

எந்த ஆட்டக்காரரில் பந்தயம் வைக்கலாம் என்று டிப் சொல்பவர் கேட்கும் மாதச் சந்தாவை, அந்த மாதம் நீங்கள் வைக்கப்போகும் மொத்தப் பந்தயக் காசால் வகுத்துப் பாருங்கள். சந்தா 5,000 ரூபா, 500 ரூபாப்படி 40 பந்தயம் என்றால் மொத்தம் 20,000. அதில் 25 வீதம் சந்தாவுக்கே போகிறது. அவ்வளவு லாபம் மாதாமாதம் எடுப்பது கெட்டிக்காரருக்கே நடவாத காரியம்.

யாழ்ப்பாணத்து வாட்ஸ்அப் குழுக்களில் வருகிற "பத்துக்கு ஏழு சரி" கதையிலும் மயங்க வேண்டாம். 1.30 விலையில் (வென்றால் நூறு ரூபாவுக்கு 130 திரும்பும்) நூறு ரூபாப்படி பத்துத் தரம் வைத்து ஏழு வென்றாலும், கட்டிய 1,000 ரூபாவில் திரும்புவது 910தான். வென்ற ஏழின் லாபத்தைத் தோற்ற மூன்றும் பேசாமல் விழுங்கிவிடும்.

பெருந்தொகை வைப்பவருக்குச் சந்தாக் கணக்கு மட்டும் போதாது. டிப் வந்தபோது இருந்த விலை, ஆட்டம் தொடங்கும்போது குறைகிறதா என்று தொடர்ந்து குறித்துப் பார்க்க வேண்டும்; பெரும்பாலும் குறைந்தால், டிப் நல்ல விலையில் வந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.