புயலில் ஆர்டர் நின்றால் அபராதம் கட்டாமல் இருக்க: ஒப்பந்தம் எழுதுவது முதல் மறுபடி அடுப்பு பற்றவைப்பது வரை

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. ரப்பரும் வாழையும் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தன. பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. மார்த்தாண்டத்தில் ஏத்தங்காய் சிப்ஸ் போட்டு, திருவனந்தபுரத்துக் கடைக்கு வாரம் 200 கிலோ அனுப்புகிறவர் நீங்கள் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: சட்டம் எதுவரை காக்கும்?

1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-வது பிரிவுப்படி, ஒப்புக்கொண்ட வேலை பிறகு செய்யவே இயலாமல் போனால் ஒப்பந்தம் செல்லாததாகிவிடும். வாங்கிய முன்பணத்தை 65-வது பிரிவின்படி திருப்பித் தர வேண்டியிருக்கும். ஆனால் நமக்கு வேண்டியது பத்து நாள் அவகாசம்தானே, ஆர்டரே போய்விடக் கூடாதே! அந்த அவகாசத்தை நாமேதான் எழுதி வாங்க வேண்டும்.

இன்னொன்று: செலவு கூடிவிட்டது என்பது மட்டும் விலக்குக்குக் காரணம் ஆகாது. உச்ச நீதிமன்றம் 2017-இல் எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. உள்ளூர் வாழை சாய்ந்தாலும் களக்காட்டில் காய் கிடைக்கிறது, லாரியும் ஓடுகிறது என்றால், விலை கூடுதல் என்று கைவிரிக்க முடியாது.

படி 2: இப்படி எழுதுங்கள்

"புயல், வெள்ளம், சுனாமி, நீண்ட மின்தடை, அரசுத் தடை உத்தரவு ஆகியவற்றால் சரக்கு அனுப்ப முடியாவிட்டால், தடை நீங்கும்வரை தாமத அபராதம் இல்லை. தொலைத்தொடர்பு கிடைத்த 3 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தடை 30 நாளைத் தாண்டினால் இரு தரப்பில் யாரும் விலகலாம்; அனுப்பாத சரக்குக்கான முன்பணம் திரும்பத் தரப்படும்."

'தொலைத்தொடர்பு கிடைத்த' என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். டவர் விழுந்து கிடக்கும்போது மூன்று நாள் கெடு ஓடிக்கொண்டிருந்தால் என்ன செய்வீர்கள்? 'நீண்ட' என்றால் எத்தனை மணி நேரம் என்பதையும் பேசி எண்ணாகவே எழுதுங்கள். கையெழுத்துக்கு முன் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

படி 3: தகவலும் ஆதாரமும்

புயல் அடித்தது என்றால் போதாது, அதனால்தான் உங்கள் அடுப்பு நின்றது என்று காட்ட வேண்டும். வானிலை மைய எச்சரிக்கை, கூரை போன படம், மின்தடை நாட்கள், வேறு இடத்தில் காய் கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப், எல்லாவற்றையும் தேதியோடு சேர்த்து வையுங்கள். முயற்சி செய்தீர்கள் என்பதற்கு அந்த வாட்ஸ்அப்தான் சாட்சி.

படி 4: மீள்வதற்கான ஏற்பாடு

கணக்கு, ஆர்டர் பட்டியல், ஜிஎஸ்டி பில் மூன்றுக்கும் ஒரு நகல் கூகுள் டிரைவில், இன்னொன்று பென் டிரைவில். அந்தப் பென் டிரைவ் குளச்சலில் இருக்கும் சித்தி வீட்டில் வேண்டாம். அதே புயல் அங்கேயும் வரும். மதுரையில் சொந்தக்காரர் இருந்தால் நல்லது. அப்புறம், ஜெனரேட்டருக்கு டீசல், களக்காட்டு வியாபாரியின் எண், அவசரத்துக்கு அடுப்பு தரக்கூடிய வேறு ஊர் நண்பர். இவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

படி 2-இல் எழுதிய ஒப்பந்த வாசகம் அபராதத்தைத்தான் தடுக்கும், நனைந்த சரக்குக்கும் உடைந்த மெஷினுக்கும் பணம் தராது. அதற்குக் காப்பீடு வேண்டும். பாலிசியில் புயலும் வெள்ளமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரிலேயே அந்தப் பென் டிரைவை வரவழைத்து, வேறொரு கணினியில் கோப்புகள் திறக்கின்றனவா என்று சோதித்துவிடுங்கள்.